ஊர் இருந்தால்தான் ஜும்ஆ: ஜுவாஸா பள்ளியின் கதை

சவூதியின் தம்மாம், அல் கோபர், ஜுபைல் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் ஒரு விடுமுறை நாளில் அல் அஹ்ஸாவுக்குப் போய் வந்திருப்பார்கள். ஹுஃபூஃப் கடைவீதி, காரா மலைக் குகை, பேரீச்சந்தோப்பு, கடைசியாக ஜவாதா பள்ளிவாசல். அங்கே இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் வண்டி ஏறிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். மண் நிறத்தில் ஒரு சிறிய கட்டடம், வரிசையாகச் சில வளைவுகள், சுற்றிலும் மணலும் மரங்களும்.

ஆனால் ஹதீஸ் (நபிமொழி) படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் புதிதல்ல. தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'ஜுவாஸா' என்று வருவது இதுதான். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) நடந்த பிறகு, அதற்கு வெளியே நடந்த முதல் ஜும்ஆ, பஹ்ரைனில் ஜுவாஸா என்னும் இடத்தில் அப்துல் கைஸ் குலத்தாரின் பள்ளியில் நடந்தது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்த செய்தி இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பஹ்ரைன் என்றதும் இன்றைய தீவு நாட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்தில் வளைகுடாவின் மேற்குக் கரையில் நீண்டு கிடந்த பகுதி முழுவதற்கும் அதுதான் பெயர். இன்றைய சவூதியின் கிழக்கு மாகாணம் அதற்குள் அடக்கம்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு வாக்கில், அதாவது கி.பி. 629ஐ ஒட்டி, இந்தப் பள்ளி எழுந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. மக்கா இன்னும் முஸ்லிம்கள் கைக்கு வராத நேரம். மதீனாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நடுவில் பாலைவனங்களும் பகைக் குலங்களும் இருக்க, இரண்டாவது ஜும்ஆ ஏன் இங்கே போய் நடந்தது? இந்தக் கேள்வியோடு போனால் அந்தப் பத்து நிமிடம் போதாது.

விடை தண்ணீரில் இருக்கிறது. ஜும்ஆ தொழுகைக்கும் மற்றத் தொழுகைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஐவேளைத் தொழுகையை ஒட்டகத்தின் நிழலில் தனியாகக்கூடத் தொழலாம். ஜும்ஆ அப்படியல்ல. அதற்குக் கூட்டம் வேண்டும், குத்பா என்னும் சொற்பொழிவு வேண்டும், முக்கியமாக ஒரே இடத்தில் தங்கி வாழும் மக்கள் வேண்டும். பயணத்தில் இருப்பவருக்கு அது கடமையில்லை. மேய்ச்சலைத் தேடிக் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கும் இல்லை என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. ஊர் என்று ஒன்று இருந்தால்தான் ஜும்ஆ. அரபு நிலத்தில் ஊர் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அங்கே நீர் ஊற வேண்டும்.

அல் அஹ்ஸாவில் நீர் சும்மா ஊறவில்லை, பொங்கி வழிந்தது. மேற்கே பெய்த பழைய மழைநீர் சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் தேங்கி, மெல்ல நகர்ந்து வந்து இங்கே ஊற்றுகளாக மேலே வந்தது. உம்மு ஸப்ஆ என்று ஓர் ஊற்று. 'ஏழின் தாய்' என்று பொருள். ஏழு வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடியதால் அந்தப் பெயர். அய்ன் நஜ்ம் வெந்நீர் ஊற்று. நீர் இருந்த இடமெல்லாம் பேரீச்சை. இன்றைக்கும் இங்கே 25 லட்சம் பேரீச்சை மரங்கள் இருப்பதாக யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. 2018இல் இந்தச் சோலை உலக மரபுச் சின்னமானது. உலகின் மிகப் பெரிய பேரீச்சஞ்சோலை என்ற பெயரும் இதற்கு உண்டு. நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்கிறதா' என்று கேட்போம் இல்லையா? அதையே பழைய அரபிகள் 'ஹஜருக்குப் பேரீச்சை கொண்டுபோகிறவனைப் போல' என்றார்கள். ஹஜர் என்பது இந்தப் பகுதியின் பழம்பெயர்.

பேரீச்சை இருந்தால் வணிகம் இருக்கும். இஸ்லாத்துக்கு முந்தைய பெருங்கவிஞர் இம்ருல் கைஸின் ஒரு கவிதையில், வேட்டை முடிந்து சுமை சுமையாக இறைச்சியோடு திரும்புகிறவர்கள் 'ஜுவாஸாவிலிருந்து வருகிறவர்களைப் போல' இருந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. மூட்டை கட்டிக்கொண்டு திரும்பும் ஊர் எது என்றால் ஜுவாஸா என்று சொல்லும் அளவுக்கு அது தெரிந்த இடம். அக்கம்பக்கத்தில் கிறிஸ்தவர்களும், பாரசீக ஆட்சியின் செல்வாக்கால் ஜொராஸ்டிரியர்களும் வாழ்ந்தார்கள். உலகத்தோடு தொடர்பில்லாத ஒரு பாலைவன மூலை அல்ல இது.

அப்துல் கைஸ் குலத்தார் நபிகளைச் சந்திக்கப் போன நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் விரிவாகவே இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவே முளர் குலத்து நிராகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், போர் விலக்கப்பட்ட புனித மாதங்களில்தான் நாங்கள் உங்களிடம் வர முடியும், ஆகவே நாங்கள் ஊருக்குப் போய் மற்றவர்களுக்கும் சொல்லும்படி தெளிவாகச் சில கட்டளைகள் தாருங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். அடிக்கடி வந்து சந்தேகம் கேட்க வழியில்லாத தொலைவு. கேட்டு வாங்கிக்கொண்டு போய் அதை வைத்துத் தாங்களாகவே வாழ்ந்தாக வேண்டும். ஜுவாஸாவில் ஜும்ஆ தொடங்கியதன் பின்னணி இந்தத் தொலைவுதான் என்று நினைக்கிறேன். மதீனாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை மதீனாவுக்கே போய்த் தொழலாம். இவர்களால் முடியாது.

அவர்களுக்குக் கிடைத்த கட்டளைகளில், பானம் ஊறவைக்கும் நான்கு வகைப் பாத்திரங்களுக்குத் தடையும் இருந்தது. சுரைக்குடுக்கை, மண்ஜாடி, கீல் பூசிய பாத்திரம், பேரீச்ச அடிமரத்தைக் குடைந்து செய்த 'நகீர்'. உங்களுக்கு நகீர் தெரியுமா என்று அவர்கள் கேட்க, அடிமரத்தைக் குடைந்து அதில் பேரீச்சையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், அது பொங்கி அடங்கியதும் குடிக்கிறீர்கள், பிறகு உங்களில் ஒருவர் தம் சிற்றப்பன் மகனையே வாளால் வெட்டுகிறார் என்று நபிகள் விளக்கினார்கள். வந்திருந்தவர்களில் ஒருவருக்கு அப்படியே ஒரு வெட்டுக்காயம் இருந்ததாகவும், வெட்கத்தால் அவர் அதை மறைத்துக்கொண்டதாகவும் இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அவ்வளவு பேரீச்சை விளையும் ஊரில் இது தினசரிப் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கும். அந்த மனிதர் ஊர் திரும்பிய பின் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளியின் வரிசையில் நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பள்ளி வெறும் மண்சுவராகத் தெரியாது.

சரி, ஜுவாஸா ஏன் வெறும் வரலாற்றுச் செய்தியாக நின்றுவிடவில்லை என்பதற்கு வருவோம். இமாம் புகாரி இந்த ஹதீஸை வைத்திருக்கும் பாடத்தின் தலைப்பு 'கிராமங்களிலும் நகரங்களிலும் ஜும்ஆ'. அபூதாவூத் தொகுப்பில் இதே செய்தியில் 'பஹ்ரைனின் கிராமங்களில் ஒரு கிராமம்' என்ற விளக்கமும் சேர்ந்து வருகிறது. பல நூற்றாண்டு விவாதம் ஒன்றுக்கு இந்தச் சிறிய ஊர் சான்றாகிவிட்டது. கிராமத்தில் ஜும்ஆ நடத்தலாமா, நகரம்தான் வேண்டுமா?

ஷாஃபி மத்ஹபின் (சட்ட மரபின்) கருத்துப்படி, ஓரிடத்தில் நிலையாக வாழும் நாற்பது ஆண்கள் இருந்தால் கிராமத்திலும் ஜும்ஆ உண்டு. வீடுகள் கல்லாலோ மண்ணாலோ மரத்தாலோ இருக்கலாம், ஆனால் வீடாக இருக்க வேண்டும், கூடாரமாக இருக்கக் கூடாது. ஹனஃபி மத்ஹபில் 'மிஸ்ர்' என்னும் நகரத் தகுதி தேவை. நகரத்தில் அல்லாமல் ஜும்ஆ இல்லை என்று அலீ (ரலி) சொன்னதாக வரும் செய்தி அவர்களுக்கு ஆதாரம். அப்படியானால் ஜுவாஸா? ஹனஃபி அறிஞர்கள் அதைக் கிராமம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. 'கர்யா' என்ற சொல் குர்ஆனில் மக்காவையும் தாயிஃபையும் கூடக் குறிக்கிறது, ஆகவே அந்தச் சொல்லை வைத்துக் கிராமம் என்று முடிவுகட்ட முடியாது என்றார்கள். ஜுவாஸாவில் கோட்டை இருந்தது, ஆயிரக்கணக்கில் மக்கள் இருந்தார்கள், வணிகர்கள் இருந்தார்கள் என்றார்கள். அந்த இம்ருல் கைஸ் வரியையே சான்றுக்கு இழுத்தார்கள்! ஒட்டகச் சுமையைப் பற்றிய ஒரு கவிதை உவமை, சில நூற்றாண்டுகள் கழித்து ஒரு சட்ட வாதத்தில் சாட்சி சொல்கிறது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களில் ஷாஃபிகள் அதிகம். உள்நாட்டில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். சின்ன ஊர் ஒன்றில் புதிதாக ஜும்ஆ தொடங்கலாமா, நாற்பது பேர் தேறுவார்களா என்ற பேச்சு எழும்போதெல்லாம், பேசுகிறவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அந்த அஹ்ஸா ஊரின் நிழல் அதில் விழுகிறது. மதரஸாவில் ஓதியவர்கள் இந்தப் பள்ளிக்குப் போனால் அவர்களுக்கு ஏற்படும் நெகிழ்ச்சி வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். ஏட்டில் ஒரு வாதத்தின் நடுவே படித்த சொல், கண்முன்னே சுவராக நிற்கிறது.

632இல் நபிகள் மறைந்தபோது இந்த ஊருக்கு ஒரு கடுஞ்சோதனை வந்தது. பஹ்ரைன் பகுதியில் பல குலங்கள் இஸ்லாத்தை விட்டு விலகிப் போயின. அப்துல் கைஸ் குலத்திலும் தடுமாற்றம். முன்பு கிறிஸ்தவராக இருந்து முஸ்லிமான அல் ஜாரூத் என்ற தலைவர், முன்னர் வந்த நபிமார்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு, அவர்கள் மறைந்ததைப் போலவே இவரும் மறைந்தார் என்று சொல்லித் தம் மக்களை நிலைநிறுத்தியதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். நிலைத்து நின்றவர்களை எதிரிகள் ஜுவாஸாவில் முற்றுகையிட்டார்கள். பசியில் வாடியவர்கள் மதீனாவுக்குக் கவிதையாகவே முறையிட்டு அனுப்பினார்கள்.

கலீஃபா அபூபக்ர் (ரலி) அனுப்பிய படைக்கு அல் அலா அல் ஹள்ரமீ தலைவர். அந்தப் படை தஹ்னா மணற்பரப்பைக் கடந்து வர வேண்டியிருந்தது. நடு வழியில் ஓர் இரவு ஒட்டகங்கள் உணவையும் தண்ணீரையும் சுமந்தபடியே மிரண்டு ஓடிவிட்டன. மறுநாள் தொழுது துஆச் செய்தபின் அந்த மணலிலேயே தண்ணீர் கண்டார்கள், ஒட்டகங்களும் திரும்பி வந்தன என்பது தபரி பதிவு செய்துள்ள மரபுச் செய்தி. பிறகு ஓர் இரவில் எதிரிகளின் பாசறையிலிருந்து குடிவெறிக் கூச்சல் கேட்க, அந்த நேரம் பார்த்துத் தாக்கி முற்றுகையை உடைத்தார்கள். 'கிழக்கே இருந்த மூன்றாவது பள்ளி எங்களுடையது' என்று அப்துல் கைஸ் குலத்துக் கவிஞர் ஒருவர் பிற்பாடு பெருமையாகப் பாடினார். மற்ற இரண்டும் மக்காவிலும் மதீனாவிலும் உள்ளவை.

ஆனால் அந்தப் பெருமை தொடர்ந்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் அல் அஹ்ஸா, இஸ்மாயிலி ஷியாக்களிலிருந்து பிரிந்த கர்மத்தியர் என்ற குழுவினரின் கைக்குப் போயிற்று. 930இல் மக்காவுக்குள் புகுந்து ஹாஜிகளைக் கொன்று கஅபாவில் பதித்திருந்த ஹஜருல் அஸ்வத் என்னும் கறுப்புக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள் இவர்கள்தான். சுமார் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தே அது திரும்பிப் போனது. 1051இல் பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் இங்கே வந்தார். அவர் எழுதியதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் மனத்தில் நிற்கின்றன. முதலாவது நீர். ஒவ்வொரு ஊற்றும் ஐந்து ஆலைகளைச் சுழற்றும் வேகம் கொண்டது, அவ்வளவு நீரையும் மதிலுக்கு வெளியே விடாமல் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்கிறார். பேரீச்சை மிகுதியால் கால்நடைக்கே அதைத் தீனியாகப் போடுகிறார்கள். அரசாங்க ஆலைகளில் மக்களுக்கு இலவசமாகத் தானியம் அரைத்துத் தருகிறார்கள்.

இரண்டாவது, லஹ்ஸா (அல் அஹ்ஸா) நகரத்தில் ஜும்ஆப் பள்ளியே இல்லை, குத்பாவும் இல்லை என்று அவர் எழுதுவது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்காக அலீ இப்னு அஹ்மத் என்ற பாரசீகச் செல்வர் கட்டிய பள்ளி ஒன்று மட்டும் இருந்ததாம். மதீனாவுக்கு அடுத்து ஜும்ஆ நடந்த மண்ணில், நானூறு ஆண்டு கழித்து அந்த நாட்டின் தலைநகரில் ஜும்ஆ இல்லை. எனக்கு இது இந்த வரலாற்றின் மிக வலியான பக்கமாகத் தோன்றுகிறது. ஊர் இல்லாமல் ஜும்ஆ இல்லை என்பது உண்மை. ஊரும் நீரும் செழிப்பும் இருந்தால் மட்டும் அது நடந்துவிடாது என்பதும் அதே மண்ணிலேயே தெரிந்தது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயூனிகள் என்ற அரச வம்சத்தார் கர்மத்தியரை வீழ்த்தினார்கள். அவர்களும் அப்துல் கைஸ் வழி வந்தவர்கள்.

அப்புறம் மணல். சோலையின் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் காற்று தள்ளிக்கொண்டு வந்த மணல்மேடுகள் தோப்புகளையும் கிராமங்களையும் ஒவ்வொன்றாக விழுங்கின. ஜுவாஸா ஊரும் அதில் புதைந்தது. பள்ளியும் பாதிக்கு மேல் மணலுக்குள் போய்ச் சில வளைவுகள் மட்டும் மிஞ்சின. இந்த நகரும் மணலைத் தடுக்கச் சவூதி அரசு 1962இல் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. பார்க்க நம் சவுக்கைப் போலவே இருக்கும் 'அதல்' மரங்களை லட்சக்கணக்கில் நட்டு மணலுக்கு வேலி போட்டார்கள். பள்ளிக்குப் போகிற வழியில் வறண்டு நிற்கும் அந்த மரங்களைப் பலர் கவனிப்பதே இல்லை. அவை இல்லாவிட்டால் சோலையின் இந்தப் பக்கத்தில் இன்று பார்க்க என்ன இருந்திருக்கும்?

இப்போது நாம் பார்க்கும் தொழுகைக் கூடம் அண்மைக் காலத்தில் சீரமைத்துக் கட்டியது. பழைய வளைவுகளைப் பாதுகாத்து, சுற்றிலும் மண்ணும் வைக்கோலும் கலந்த பூச்சில் மற்றதை எழுப்பியிருக்கிறார்கள். 'அப்படியானால் இது அசல் இல்லையே' என்று சிலர் ஏமாற்றத்தோடு கேட்பதுண்டு. பழைய வளைவுகளையும்கூட 629இல் எழுந்த முதல் சுவர்கள் என்று எண்ண வேண்டியதில்லை. மண் கட்டடத்தின் இயல்பு அதுவல்ல. மண்சுவரை மழைக்குப் பின் பூச வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை மேலே ஏற்ற வேண்டும், ஒரு தலைமுறைக்குப் பின் இடித்துக் கட்ட வேண்டும். மண் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல் கட்டடம் தானாக நிற்கும். மண் கட்டடம் ஆள் இருந்தால்தான் நிற்கும். ஊர் கலைந்ததும் பள்ளி சரிந்தது அதனால்தான்.

இதோடு ஒப்பிட, ஹுஃபூஃபில் இப்ராஹீம் அரண்மனைக்குள் 1571 வாக்கில் உஸ்மானியர் காலத்தில் கட்டிய குப்பா பள்ளியையும் பார்த்துவிடுவது நல்லது. பெரிய ஒற்றைக் குவிமாடம், வெள்ளைச் சுவர், கோட்டைப் பாதுகாப்பு. ஒரு பேரரசு தன் படைவீரர்களுக்காகக் கட்டியது எப்படி இருக்கும், ஒரு ஊர் தனக்காகக் கட்டிக்கொண்டது எப்படி இருக்கும் என்பது ஒரே நாளில் விளங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்துக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் கவலை அங்கேதான் இருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற ஊற்றுகள் இன்று தானாகப் பொங்குவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின, நிலத்தடி நீர் இறங்கியது, ஊற்றுகள் ஒவ்வொன்றாக நின்று மோட்டாருக்கு மாறின. 1971இல் திறந்த பெரிய பாசனத் திட்டம், பழைய மண் வாய்க்கால்களுக்குப் பதில் கான்கிரீட் கால்வாய்களைக் கொண்டுவந்தது. இப்போது தோப்புகளுக்குப் போகும் நீரில் சுத்திகரித்த கழிவுநீருக்கும் பெரும் பங்கு உண்டு. இதே சோலையின் பக்கத்தில்தான், 1948இல் கண்டுபிடித்த, உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயலான கவார் கிடக்கிறது. எண்ணெய் வந்த பிறகு தோப்பு வேலையை விட்டு மக்கள் நகர்ந்தார்கள். தோப்புகள் வீட்டுமனைகளாயின. நீர் மேலே வந்ததால் உருவான ஊர் இது. அந்த நீரை இப்போது மனிதர்கள் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி ஹுஃபூஃபிலிருந்து வடகிழக்கே, கிலாபிய்யா கிராமத்தின் பக்கம் இருக்கிறது. ரியாத்திலிருந்தும் தம்மாமிலிருந்தும் ஹுஃபூஃபுக்கு ரயில் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது, கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். போகும்போது நெடுஞ்சாலையை விட்டு, கிராமங்களின் ஊடே தோப்புகளுக்கு நடுவில் போகும் பாதையைப் பிடியுங்கள். மரங்கள் அடர்ந்து, பின் குறைந்து, அதல் மரங்களாக மாறி, கடைசியில் மணலாகும் அந்தச் சில கிலோமீட்டரில் இந்த ஊரின் கதை முழுவதும் இருக்கிறது. அஸர் (மாலைத் தொழுகை) நேரத்துக்குப் போய் மஃக்ரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) வரை இருங்கள். தொழும்போது முகம் மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்வாகத் திரும்பும். தோப்புகளையும் ஹுஃபூஃபையும் தாண்டி அந்தத் திசையில் மணல்தான், தஹ்னா வரைக்கும். முற்றுகைக்குள் பசியோடு கிடந்தவர்கள் ஒவ்வொரு தொழுகையிலும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நின்றார்கள். அலாவின் படையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.